துரோகிகள், கொல்லப்பட்டோர், மறைவிடங்கள்

போரின் கடைசி ஆண்டுகளில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, இல்லாத ஓர் உலகத்தை ஒழுங்குபடுத்தியது. கணினி விளையாட்டு ஒன்றுக்காக வெளிநாட்டில் யாரோ உட்கார்ந்து கற்பனை செய்த உலகம். மூன்று தீவுகள், ஐந்து குலங்கள், பறக்கும் பல்லிகள், நூறு வருஷமாக ஓயாத ஒரு யுத்தம். அந்த விளையாட்டின் ரசிகர்கள் இணையத்தில் ஒரு விக்கி வைத்திருந்தார்கள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்றால் என்ன நடக்குமோ அதுதான் அங்கே நடந்திருந்தது. ஒரே வாளுக்கு மூன்று கட்டுரைகள். செத்துப்போன அரசி ஒருத்தி, உயிரோடு இருப்பவர்களின் வரிசையில் நின்றாள். அதைப் பார்த்த அன்றே எனக்குக் கை துறுதுறுத்தது.

நான் கண்டியில் ஒரு நூலகத்தில் பட்டியலாளனாக இருந்தேன். புத்தகத்தைப் படிக்காமலே அது எந்த அலுமாரிக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிடுவேன், அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. வீடு அம்பிட்டியவில். அப்பா அரச திணைக்களம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து முப்பது வருஷமாகியும் ‘எங்கட ஊர்’ என்று அங்கேயுள்ள வீட்டைத்தான் சொல்வார். வீட்டில் கணினியும் தொலைபேசி வழியாக முக்கி முனகி வருகிற இணையமும் இருந்தன. ஆறு மாதத்தில் அந்த விக்கியில் என்னை நிர்வாகியாக்கிவிட்டார்கள். கட்டுரைகளை நீக்கவும் மீட்கவும் ஆட்களைத் தடைசெய்யவும் அதிகாரம் வந்தது. வெளியே வீதியில் ஒவ்வொரு செக்கிங்கிலும் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு பல்லைக் காட்டி நின்றவனுக்கு அது பெரிய பதவி.

விக்கியில் பகுப்பு என்றால், ஒரே வகையான கட்டுரைகளை ஒன்றாகக் கோத்து வைக்கும் தலைப்பு. அரசர்கள், ஆயுதங்கள், கோட்டைகள், அப்படி. நான் சட்டம் போட்டேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று பகுப்புகள் கட்டாயம்: எந்தக் குலம், என்ன வேலை, உயிரோடு இருக்கிறாரா இல்லையா. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பகுப்புகளில் ஒருவரைப் போடக்கூடாது. மீறிப் போட்டவர்களின் திருத்தத்தை விளக்கம் சொல்லாமல் அழித்தேன். கனடாவில் ஒருவர் அழாக்குறையாக எழுதியிருந்தார், தான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய கட்டுரை என்று. அந்த வாரமெல்லாம் எனக்கு நல்ல நித்திரை.

அவனை நான் சந்தித்தது சந்தைக்குப் பின்னால் இருந்த ஓர் இன்டர்நெட் கடையில். எங்கள் வீட்டுத் தொலைபேசி பழுதாகியிருந்த ஒரு வாரம் அங்கே போனேன். பக்கத்துக் கணினியில் அதே பல்லிகள் பறந்தன. எட்டிப் பார்த்தேன், அவனும் எட்டிப் பார்த்தான். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவன். என்னைவிட மூன்று வயது இளையவன். கண்டியில் ஓர் அச்சகத்தில் தமிழ் எழுத்துக் கோக்கிற வேலை, கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும். அச்சகத்துக்கு மேலே ஒரு அறையில் வாடகைக்குப் போடிங். அவன் என்றே எழுதுகிறேன், முகத்துக்கு நேரே ‘நீர்’ என்று சொன்னாலும் மனதுக்குள் அப்போதும் அப்படித்தான் சொன்னேன். அவன் என்னை முதல் நாளிலிருந்தே அண்ணே என்றான்.

விளையாட்டில் அவன் என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரன். யார் யாரை எந்தக் கட்டத்தில் கொன்றார், எந்தக் குகைக்குள் எந்தச் சுரங்கம் என்று விரல் நுனியில் வைத்திருந்தான். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினால் நாலு பிழை. அவன் விக்கியில் செய்த முதல் திருத்தத்தை நான் அழித்தேன். இரண்டாவதையும் அழித்தேன். மூன்றாம் நாள் கடையில் வைத்து, சுற்றியிருந்தவர்கள் கேட்க, உம்முடைய ஆங்கிலத்தைப் பார்த்தால் கண் நோகுது, நீர் தமிழிலேயே எழுதிக்கொண்டு வாரும், நான் ஏற்றுகிறேன் என்றேன். சிரித்தான். மறுநாளே தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக்கொண்டு வந்தான். அந்தக் கொப்பியை வாங்க வைத்தது நான்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வேலை செய்த முறை இதுதான். அவன் இரவில் அறையிலிருந்து கொப்பியில் பட்டியல் எழுதுவான். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பாக ஒரு பகுப்பு, அதன் கீழே பெயர்கள். பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் குலம், ஊர், உயிரோடு இருந்தால் ‘உ’, இறந்திருந்தால் ‘இ’. ஞாயிறுகளில் நான் அதைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏற்றுவேன். குழம்பாமல் இருக்க விக்கியில் அவனுடைய பயனர் பக்கத்தில் ஒரு திட்ட அட்டவணை போட்டேன். கொப்பியிலிருந்த தமிழ்த் தலைப்புகள் ஒரு பக்கம், அவற்றுக்குரிய ஆங்கிலத் தலைப்புகள் மறுபக்கம். வந்த பாராட்டுகளெல்லாம் எனக்குத்தான். அவனுக்கு அதில் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

தலைப்புகள் என்னென்ன என்று சொல்கிறேன், நீங்களே பாருங்கள். தளபதிகள். துரோகிகள். கொல்லப்பட்டோர். மறைவிடங்கள். கடல்வழிகள். வெடிபொருட்கள். ‘தியாகிகள்’ என்று அவன் சும்மா எழுதியிருந்ததை, அது துல்லியமில்லை, வெட்டிவிட்டு ‘தம்மை மாய்த்துப் பகைவரை அழித்தோர்’ என்று எழுதும் என்று சொன்னேன். சொன்னேனே தவிர நான் பேனையைத் தொடவில்லை. கொப்பி முழுக்க அவன் கையெழுத்து, அச்சடித்ததுபோல. வடக்கில் ஷெல் விழுந்துகொண்டிருக்க, தெற்கில் பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருக்க, தமிழ்ப் பொடியங்கள் இரண்டு பேர் கண்டியில் இருந்து இப்படியொரு கொப்பியை எழுதியிருக்கிறோம். ஒரு தடவைகூட எங்களுக்கு அது உறைக்கவில்லை. எங்களுக்கு அது பல்லிகளின் உலகம்.

ஒரு குண்டுவெடிப்புக்கு அடுத்த வாரம் நகரத்தில் பொலிஸார் போடிங் அறைகளைச் சோதனை போட்டார்கள். விடியற்காலையில் வளைத்து, அச்சகத்து மாடிக்கும் ஏறியிருக்கிறார்கள். கொப்பி மேசைமேல் திறந்தபடி இருந்ததாம். அவனை ஏற்றிக்கொண்டு போனதை இன்டர்நெட் கடைக்காரர் நூலகத்துக்கு வந்து என் காதோடு சொன்னார். சொல்லிவிட்டு, இனிக் கொஞ்ச நாளைக்கு என் கடைப்பக்கம் வரவேண்டாம் தம்பி என்றும் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அடுத்த நாள் பகல் பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக்கு ஜீப் வந்தது. சிவில் உடுப்பில் ஓர் அதிகாரியும் தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரரும். அப்பா அவர்களை முன்கூடத்தில் கதிரை போட்டு இருத்தினார். அழகான சிங்களத்தில் சுகம் விசாரித்தார், அம்மாவைத் தேத்தண்ணீர் போடச் சொன்னார். அந்த இடைவெளியில் என்னை அறைக்குள் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

“தெரியாது எண்டு மட்டும் சொல்லு, அதுக்கு மேல ஒரு சொல்லும் வேண்டாம்.”

அப்பாவின் இந்தப் பாடத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பெரிய கலவரத்தின்போது தமிழர் வீடுகளைத் தேடி எங்கள் ஒழுங்கைக்குள் வந்த கூட்டம், முன்வீட்டில் இருப்பவர்கள் யார் என்று அவரைக் கேட்டது. தெரியாது என்றார். அவர் பேசிய சிங்களத்தைக் கேட்டு, நீ யார் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. முன்வீட்டை எரித்துவிட்டுப் போனார்கள். நல்லவேளை ஆட்கள் உள்ளே இருக்கவில்லை என்று அப்பா சொல்வார். இருக்கவில்லை என்பது அவருக்கு அந்த நேரத்தில் தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

அதிகாரி மேசையில் கொப்பியை வைத்தார். பொலிஸ்காரர் அதைத் திறந்து என் பக்கம் திருப்பி, இந்த ஆளைத் தெரியுமா, இது என்ன என்று தெரியுமா என்று கேட்டார். இது ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டு என்று அந்த ஆள் சொல்கிறான், உங்களிடம் கேட்டால் தெரியும் என்கிறான் என்றார். திறந்திருந்தது ‘துரோகிகள்’ பக்கம். அந்த நிமிஷத்தில் எனக்குள் முதலில் வந்தது பயமில்லை என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. அந்தப் பக்கத்தின் ஏழாவது பெயரை அவன் ‘தளபதிகள்’ பக்கத்திலும் போட்டிருந்தது ஞாபகம் வந்தது. எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லையே என்று எரிச்சல் வந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. அது வந்ததும் வேறெதற்கும் இடமில்லாமல் போயிற்று.

கணினி அடுத்த அறையில் இருந்தது, துணி போட்டு மூடியபடி. நான் எழுந்து அந்தத் துணியை எடுத்து, ஐந்து நிமிஷம் பொறுமையாக இருந்து இணைப்பை எடுத்து, அவனுடைய பயனர் பக்கத்தைக் காட்டியிருந்தால் போதும். தமிழ்த் தலைப்பும் ஆங்கிலத் தலைப்பும் பக்கம் பக்கமாக இருந்தன. பல்லிகளின் படங்கள்கூட இருந்தன. அந்த அதிகாரி முட்டாளில்லை, இளம் வயது, ஆங்கிலம் தெரிந்தவர். இதையெல்லாம் அப்போதே யோசித்தேன். பிறகு யோசித்ததாகச் சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை.

“இவரை இன்டர்நெட் கடையில கண்டிருக்கிறன். கொப்பியைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது” என்றேன்.

அப்பா தலையை மெல்ல ஆட்டினார். தோட்டத்துப் பொடியன்தானே, இவர்களுக்கெல்லாம் எங்களோடு பழக்கம் இருக்காது என்று சிங்களத்தில் சொன்னார். அதிகாரி தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, நன்றி சொல்லி, கொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

ஜீப்பின் சத்தம் வளைவில் மறைந்ததும் நான் கணினியைத் திறந்தேன். அவனைக் காப்பாற்ற என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். அவனுடைய பயனர் பக்கத்தை நீக்கினேன். அதோடு திட்ட அட்டவணையும் போயிற்று. விக்கியில் எதை மாற்றினாலும் பழைய வடிவம் வரலாற்றில் நிற்கும் என்பார்கள், அது உண்மைதான். ஆனால் ஒரு நிர்வாகி பக்கத்தையே நீக்கிவிட்டால் அந்த வரலாறு மற்ற நிர்வாகிகளைத் தவிர வேறு எவர் கண்ணுக்கும் படாது. பிறகு பகுப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். துரோகிகள் ‘அணி மாறியோர்’ ஆனார்கள். கொல்லப்பட்டோர் ‘முன்னாள் பாத்திரங்கள்’ ஆனார்கள். மறைவிடங்கள் வெறும் ‘இடங்கள்’ ஆயின. தம்மை மாய்த்துக்கொண்டவர்களை ஐந்து இடங்களில் பிரித்துப் போட்டேன். காரணம் கேட்கும் பெட்டியில் ஒவ்வொரு முறையும் ‘ஒழுங்குபடுத்தல்’ என்று எழுதினேன். வேலை முடிய மூன்று நாள் எடுத்தது, நூலகத்துக்குக் காய்ச்சல் என்று லீவு சொன்னேன்.

மற்ற நிர்வாகிகளுக்கு அந்த மாற்றம் மிகவும் பிடித்துவிட்டது. இதைவிடச் சுத்தமான அமைப்பு எந்த ரசிகர் விக்கியிலும் இல்லை என்று எழுதினார்கள். எனக்கு ஒரு நட்சத்திரச் சின்னம் தந்தார்கள். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சந்தோஷப்பட்டேன்.

அவனுடைய அக்கா முதல் முறை வந்தது ஒரு மாதம் கழித்து. கொழுந்து பறிக்கிறவர். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ஹுன்னஸ்கிரியவிலிருந்து பஸ் ஏறி, அம்பிட்டியவில் விசாரித்து விசாரித்து வந்திருந்தார். கையில் ஒரு பை நிறைய ஆனைக்கொய்யா. கதிரையில் இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. தம்பியைத் தடுப்புக் காவலில் வைத்திருக்கிறார்கள் என்றார். கண்டிக்கு வெளியே எங்கோ மாற்றிவிட்டார்கள், ஒரு லோயரைப் பிடித்திருக்கிறோம் என்றார். தம்பி உங்களைப் பற்றி வீட்டில் எப்போதும் பெருமையாகச் சொல்வான் என்றார். நான் அவரைப் பார்க்காமல் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவனை அவ்வளவு பழக்கமில்லை என்றேன். அவர் போன பிறகு அந்தப் பழங்களை அப்பா சீனி போட்டுப் பிசைந்து சாப்பிட்டார், நல்ல பழம் என்றார். நானும் சாப்பிட்டேன்.

இரண்டாம் முறை வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. தன் பெயரில் விக்கியில் ஒரு பக்கம் இருக்கிறது, அதில் கொப்பியிலுள்ள தமிழ்த் தலைப்புகள் அப்படியே இருக்கின்றன என்று தம்பி லோயரிடம் சொல்லியிருக்கிறான். லோயரின் கீழ் வேலை செய்த ஒரு பிள்ளை கணினியில் தேடிப் பார்த்திருக்கிறது. அப்படி ஒரு பக்கமே இல்லை. விளையாட்டு என்று ஒன்று இருக்கிறது, ஆனால் உங்கள் தம்பிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை, அவன் சொல்கிற பகுப்புகளும் அங்கே இல்லை, என்னிடமே பொய் சொன்னால் நான் எப்படி வாதாடுவது என்று லோயர் கேட்டிருக்கிறார்.

“ஐயா, நீங்க பொலிஸுக்கோ கோட்டுக்கோ வர வேணாம்” என்றார் அக்கா. “அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கறத லோயர் ஐயாவுக்கு மட்டும் காட்டுங்க. என் தம்பி பொய் சொல்லலன்னு அவரு ஒருத்தருக்காச்சும் தெரியட்டும்.”

“நீங்கள் ஆள் மாறி வந்திட்டியள் அக்கா. எனக்கு அப்பிடி ஒண்டும் தெரியாது.”

அவர் திட்டவில்லை, சபிக்கவில்லை. சரிங்க என்று சொல்லி, வாசலில் கழற்றி வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு படிகளில் இறங்கினார். பஸ் ஏறும்வரைக்கும் அழுதிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன், அப்படிப்பட்ட முகம்.

அன்று பின்னேரம் நான் நிர்வாகிகளுக்கு மட்டும் தெரிகிற பட்டியலைத் திறந்தேன். நீக்கிய பக்கம் அப்படியே இருந்தது. அதற்கு நேரே ‘மீள்வி’ என்று ஒரு பொத்தான். அமுக்கினால் அவன் பக்கம் இருந்தபடியே திரும்பி வந்துவிடும். லோயரின் ஆள் இன்னொரு முறை தேடினால் போதும். நான் யாரென்றுகூட யாருக்கும் தெரியவராது, அங்கே எனக்குப் புனைபெயர்தான். அப்படியிருந்தும் அமுக்கவில்லை. ஒருமுறை தெரியாது என்று சொன்னவன் பிறகு தெரியும் என்றால் அதற்கும் பதில் சொல்லவேண்டிவரும் என்று கணக்குப் பார்த்தேன். அந்தப் பொத்தானைப் பல மாதங்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பார்க்கிறேன் என்பதையே பெரிய மனச்சாட்சி என்று எனக்கு நானே காட்டிக்கொண்டேன்.

போர் முடிந்தது. வாவியைச் சுற்றி வெடி கொளுத்தினார்கள், சந்திகளில் பாற்சோறு கொடுத்தார்கள். நூலகத்தில் எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள், வாங்கிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் பல மாதம் அவன் உள்ளேதான் இருந்தான். கடைசியில் வழக்கு எதுவும் போடாமலே விட்டார்கள் என்று கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ‘மீள்வி’யை அமுக்கினேன். பக்கம் வந்தது. அதைப் பார்க்க உலகத்தில் யாருக்கும் தேவை இல்லாத நாளில்தான் எனக்கு அந்தத் துணிச்சல் வந்தது.

மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் நிலையத்தில் அவனைக் கண்டேன். நான் முதலில் கண்டேன், திரும்பிப் போய்விடவும் பார்த்தேன். அதற்குள் அவன் ‘அண்ணே’ என்றுவிட்டான். பாதியாக இருந்தான். முன்பல் இரண்டு இல்லை. அச்சகத்தில் திரும்ப எடுக்கவில்லை, தோட்டத்தில் அக்காவோடு இருக்கிறேன் என்றான். சம்பவம் எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது, அந்த நேரம் வீட்டில் அப்பாவுக்குச் சுகமில்லை என்று ஏதேதோ அவிழ்த்துவிட்டேன். முழுவதையும் கேட்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பெயரை ஏன் அவர்களிடம் சொன்னீர் என்று கேட்டுவிட்டேன். அத்தனையும் செய்துவிட்டு, குற்றம் அவன் பக்கம் இருப்பதுபோலக் கேட்டேன்.

“மாட்டிவிடணும்னு சொல்லலண்ணே” என்றான். “மொத நாளே அடிக்கத்தான் வந்தாங்க. கொஞ்சம் பொறுங்க சேர், அண்ணேகிட்ட கம்ப்யூட்டரு இருக்கு, அவரு ஒரு நிமிசத்துல காட்டிருவாருன்னு சொன்னேன். அந்தப் பெரிய ஆபீசரு நல்ல மனுசன், கேட்டாரு. யாரும் தொடாதீங்கன்னு சொல்லிட்டாரு. சோறு குடுத்தாங்க. ராத்திரி நல்லாத் தூங்குனேன். மறுநா பகல் வரைக்கும் ஒருத்தரும் என்மேல கை வைக்கல.”

அதற்குப் பிறகு என்ன என்றேன், ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

“அப்பறம் ஒங்க வீட்டுக்குப் போயிட்டு வந்தாங்க.”